ஸ்டியரிங் ஆடுகிறதா? விலை பேசுமுன் பத்து நிமிடம் செலவிடுங்கள்

பழைய லொறி ஒன்றை வாங்கப் போனால் நம்மில் யாரும் வெறுமனே பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதில்லை. டயரைப் பார்ப்போம், என்ஜின் சத்தத்தைக் கேட்போம், ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்ப்போம். ஆனால் படகு என்று வந்துவிட்டால் பெயின்டும் மெத்தை இருக்கைகளும் நம் கண்ணை மறைத்துவிடுகின்றன. என் கண்ணையும் அப்படித்தான் மறைத்தன. அந்த நட்டத்தில் நான் படித்த பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேருவளையில் வாப்பாவின் காலத்திலிருந்து எங்களுக்கு மீன்பிடி வள்ளங்களுக்கான உதிரிப்பாகக் கடை இருக்கிறது. யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு பெந்தோட்டைப் பக்கம் உல்லாசப் பயணிகள் கூடினார்கள். 2011 இல் நானும் மச்சானும் பங்குபோட்டு ஒரு பழைய உல்லாசப் படகை வாங்கினோம். ஸ்டேர்ன் ட்ரைவ் வகை. பெட்ரோல் என்ஜின் உள்ளே, கால் வெளியே. உதிரிப்பாகம் விற்கிறவனுக்குப் படகு தெரியாதா என்ற எண்ணம் எனக்கு.

முதல் மாதமே ஓட்டுகிற பையன் முறைப்பாடு சொன்னான். வீலைத் திருப்பினால் படகு சற்றுப் பிந்தித்தான் திரும்புகிறது, நேராகப் பிடிக்க முடியவில்லை என்றான். ஒரு கராஜில் காட்டினேன். கேபிள் போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். ஆட்டம் குறையவில்லை. அப்படியானால் வீலுக்குப் பின்னாலுள்ள கியர்ப் பெட்டிதான் என்றார்கள், அதையும் மாற்றினோம். ஆட்டம் அப்படியே இருந்தது. டிசம்பர் மாதம், சீசன் உச்சம். படகு கரையில் கிடந்தது.

கடைசியில் துறைமுகத்தில் பல வருடம் வேலை செய்த வயதான பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, கேபிள மாத்தினீங்க, பெட்டிய மாத்தினீங்க. ஆடுறது எது எண்டு பாத்தீங்களா?"

"இல்ல நாநா, கராஜில சொன்னாங்க..."

"சொன்னது கெடக்கட்டும். நீங்க உள்ளுக்குப் போய் அந்தக் கையில விரல வைங்க. நான் வெளிய இருந்து ஆட்டுறன்."

பத்து நிமிடத்தில் குறை பிடிபட்டது. அவர் செய்த சோதனையில் கருவி ஏதும் இல்லை, ஒரு டோச் லைட்டும் இரண்டு ஆட்களும்தான்.

இந்தப் படகு எப்படித் திரும்புகிறது?

ஸ்டேர்ன் ட்ரைவ் முறையை வொல்வோ பென்டா நிறுவனம் 1959 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அமெரிக்காவின் மேர்க்ரூஸரும் வந்து, இன்று பழைய படகுச் சந்தையில் இந்த இரண்டு பெயர்களைத்தான் அதிகம் காண்கிறோம்.

இதில் கார் என்ஜின் போன்ற ஒன்று படகின் பின்புறம் உள்ளே இருக்கும். அதன் சக்தி, லொறியின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் உள்ளதுபோன்ற யுனிவர்சல் ஜொயின்ட் வழியாகப் பின்பலகையைத் தாண்டி வெளியே உள்ள காலுக்குப் போகும். காலின் அடியில் காற்றாடி. சுக்கான் என்று தனியாக ஒன்று கிடையாது. கால் முழுதும் இடது வலதாகத் திரும்பும்போது காற்றாடி தள்ளும் திசை மாறுகிறது, படகும் திரும்புகிறது. ஆகவே கால் ஆடினால் சுக்கான் ஆடுவதாகவே அர்த்தம்.

வீலிலிருந்து கால் வரை உள்ள சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேர்க்ரூஸர் அமைப்பை வைத்துச் சொல்கிறேன்.

1. வீலும் அதன் பின்னாலுள்ள கியர்ப் பெட்டியும்.
2. அங்கிருந்து பின்னால் போகும் ஸ்டியரிங் கேபிள். பவர் ஸ்டியரிங் இருந்தால் கேபிளின் முனையில் ஒரு சிலிண்டரும் இருக்கும்.
3. பின்பலகைக்கு உட்புறம் உள்ள இரும்புக் கை. கேபிள் தள்ளுவதும் இழுப்பதும் இந்தக் கையைத்தான்.
4. அந்தக் கை பொருத்தப்பட்டுள்ள நிலைக்குத்தான மேல் தண்டு. இது புஸ்களில் சுழலும். அடியில் இன்னொரு சிறிய தண்டு தாங்கும்.
5. மேல் தண்டின் சதுர முனையில் பொருந்தி, போல்ட்டால் இறுக்கப்பட்ட கிம்பல் வளையம். இது பின்பலகைக்கு வெளியே உள்ளது.
6. வளையத்தில் இரண்டு பக்க ஆணிகளில் தொங்கும் பெல் ஹவுசிங். கால் மேலே தூக்கப்படுவது இந்த ஆணிகளில்தான்.
7. பெல் ஹவுசிங்கில் நட்டுகளால் பூட்டப்பட்ட கால்.

வொல்வோவில் அமைப்பும் பெயர்களும் வேறு. ஆனால் வீலில் தொடங்கிக் காலில் முடியும் சங்கிலி அங்கும் உண்டு, சோதிக்கும் வழியும் ஒன்றுதான்.

இந்தச் சங்கிலியில் எந்தப் பொருத்து தேய்ந்தாலும் வீலில் தெரிவது ஒரே ஆட்டம்தான். வீலைப் பிடித்துக்கொண்டு "கேபிள்தான்" என்று சொல்வது, வயிற்றுவலிக்காரனின் முகத்தைப் பார்த்து மருந்து கொடுப்பது போன்றது.

பத்து நிமிடச் சோதனை

படகு ட்ரெய்லரிலோ கரைக் கட்டைகளிலோ உறுதியாக இருக்க வேண்டும். என்ஜின் நின்றிருக்க வேண்டும். சாவியை எடுத்து பெட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள். காலை முழுதாக இறக்கி நேராக வையுங்கள். மூன்று பேர் இருந்தால் நல்லது: ஒருவர் வீலில், ஒருவர் என்ஜின் அறையில், ஒருவர் வெளியே காலின் அருகில்.

முதலாவது, வீலை நடுவில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். கால் அசையத் தொடங்கும்வரை வீலின் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா போகிறது என்று டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பவர் ஸ்டியரிங்கில் சிலிண்டரின் வால்வுக்குச் சிறிய அசைவு இயல்பாகவே உண்டு. அதைத் தேய்மானமாக எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, வெளியே நிற்பவர் காலின் அடிநுனியைப் பிடித்து இடமும் வலமும் தள்ளட்டும். என்ஜின் அறையில் இருப்பவர் அந்த இரும்புக் கையைப் பார்க்கட்டும். தீர்ப்பு இங்கேதான் கிடைக்கும்.

கால் ஆடுகிறது, உள்ளே கை அசையவில்லை என்றால் குறை கைக்கு வெளியே உள்ளது. தண்டில் கை பொருந்தும் இடம், வளையத்தில் தண்டு பொருந்தும் சதுரம், பக்க ஆணிகள் ஆகியவற்றில் ஒன்று. கேபிளை மாற்றிப் பிரயோசனமில்லை.

காலும் கையும் சேர்ந்து ஆடுகின்றன, கேபிளின் முனை அசையவில்லை என்றால் கையையும் கேபிளையும் இணைக்கும் ஆணி தேய்ந்திருக்கிறது. இது மலிவான குறை.

கால், கை, கேபிள் முனை மூன்றும் அசைகின்றன, வீல் மட்டும் அசையவில்லை என்றால் கேபிளையோ கியர்ப் பெட்டியையோ சந்தேகியுங்கள்.

மூன்றாவது, விரல் சோதனை. சந்தேகப்படும் பொருத்தில் ஒரே விரலைப் பாதி ஒரு பாகத்திலும் பாதி அடுத்த பாகத்திலும் படும்படி வையுங்கள். வெளியே இருப்பவர் ஆட்டட்டும். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்தப் பொருத்து நல்லது. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் விரல் உடனே சொல்லும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். ஆட்டுகிறவர் மெதுவாக ஆட்ட வேண்டும், விரல் நசுங்கும் இடைவெளிக்குள் விரலை விடக் கூடாது.

நான்காவது, காலை அடியிலிருந்து மேலே சற்று நெம்பிப் பாருங்கள். வளையம் மேலும் கீழும் ஆடினாலோ சாய்ந்து ஆடினாலோ தண்டின் புஸ்கள் தேய்ந்திருக்கலாம். அதோடு பின்பலகையின் உட்புறம் டோச் அடித்துப் பாருங்கள். மேல் தண்டின் அருகிலிருந்து கீழ்நோக்கித் துருக்கோடோ உப்புத் தடமோ இருந்தால், அங்கே சீலைத் தாண்டித் தண்ணீர் வருகிறது. ஆட்டமும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஐந்தாவது, காலைத் தூக்கி றப்பர் பெல்லோக்களைப் பாருங்கள். மடிப்புகளுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று விரித்துப் பார்க்க வேண்டும். இது ஸ்டியரிங் குறை அல்ல. ஆனால் யுனிவர்சல் ஜொயின்ட்டை மூடும் பெல்லோ கிழிந்தால் உள்ளேயுள்ள பெயரிங் கெடும், படகுக்குள்ளும் தண்ணீர் ஏறும். எப்படியும் அங்கே குனிந்திருக்கிறீர்கள், பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

சிறிய தேய்மானம், பெரிய ஆட்டம்

எங்கள் படகில் தேய்ந்திருந்தது வளையத்தில் தண்டு பொருந்தும் சதுரம். பாஸ் காட்டியபோது நான் நம்பவில்லை. "இவ்வளவு சிறிய இடைவெளியா இத்தனை ஆட்டத்தைக் கொடுக்கிறது?" என்றேன்.

கணக்குப் போட்டால் புரியும். தண்டின் மையத்திலிருந்து 2 சென்டிமீற்றர் தூரத்தில் அரை மில்லிமீற்றர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 40 சென்டிமீற்றர் பின்னாலுள்ள காலின் ஓரத்தில் அது 20 மடங்காகிறது, அதாவது 10 மில்லிமீற்றர். காற்றாடி தள்ளும் வேகத்தில் இந்த ஆட்டம் ஒவ்வொரு அலைக்கும் சுத்தியல்போல் அடிக்கிறது. அடிக்க அடிக்கச் சதுரத்தின் முனைகள் உருண்டுபோகின்றன. முதலில் மெதுவாகத் தேய்ந்தது பிறகு வேகமாகத் தேயும்.

போல்ட்டு மட்டும் தளர்ந்திருந்து சதுரம் நன்றாக இருந்தால், மனுவலில் சொன்ன அளவுக்கு டோர்க் ஸ்பானரால் இறுக்கினால் சரியாகும். இறுக்கிய பின் இரண்டு மூன்று ஓட்டத்தில் ஆட்டம் திரும்பி வந்தால் சதுரம் போய்விட்டது என்று முடிவு செய்யுங்கள். அதன் பிறகு இறுக்குவது ஒட்டுப்போடும் வேலை.

ஆட்டம் போலத் தெரிபவை

நல்ல படகையும் தேய்ந்தது என்று தள்ளிவிடக் கூடாது. வாங்குபவர் குறை என்று நினைத்து ஏமாறும் இடங்களும் உண்டு.

மெதுவாக ஓடும்போது ஸ்டேர்ன் ட்ரைவ் படகு இடமும் வலமும் அலைவது இயல்பு. புதிய படகும் அலையும். வேகம் எடுத்துப் படகு நீரின் மேல் எழும்பியதும் அலைச்சல் நின்றுவிட்டால் அது குறையல்ல. வேகத்திலும் அலைந்தால்தான் தேட வேண்டும்.

ஒரே பக்கம் இழுத்தால் அது பெரும்பாலும் காற்றாடியின் சுழற்சியால் வருவது. காற்றாடிக்கு மேலே உள்ள சிறிய ட்ரிம் தகட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

வீல் இறுக்கமாக இருப்பது வேறு நோய். பவர் ஸ்டியரிங் எண்ணெய், பெல்ட், கேபிளுக்குள் துரு ஆகியவற்றைப் பாருங்கள். கேபிள் முனையில் கிறீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால், தண்டு முழுதாக உள்ளே இழுக்கப்பட்ட நிலையில்தான் கிறீஸ் அடிக்க வேண்டும். வெளியே நீட்டிய நிலையில் அடித்தால் உள்ளே கிறீஸ் அடைபட்டு வீலே இறுகிவிடும்.

திருப்பும்போது மட்டும் பின்னாலிருந்து உறுமல் கேட்டால் யுனிவர்சல் ஜொயின்ட்டையும் கிம்பல் பெயரிங்கையும் பாருங்கள். அதுவும் செலவுதான், ஆனால் ஸ்டியரிங் செலவு அல்ல.

செலவு பாகத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது

வியாபாரிகளான நமக்கு முக்கியமான பகுதி இதுதான். தேய்ந்த பாகத்தின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு, "சின்னச் செலவு, வாங்கிவிடலாம்" என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பாகம் எங்கே இருக்கிறது, அதைத் தொட எவற்றையெல்லாம் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள்.

கேபிள் முனையின் ஆணியை அரை மணி நேரத்தில் மாற்றலாம். கேபிளை ஒரு நாளில் மாற்றலாம். ஆனால் மேல் தண்டைப் பிடித்திருக்கும் நட்டு, பின்பலகைக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான படகுகளில் காலைக் கழற்றி, செயின் புளொக் போட்டு என்ஜினையும் தூக்கித்தான் முறையாக அந்த வேலையைச் செய்யலாம். வெளியிலிருந்து வார்ப்பில் துளையிட்டு நட்டை எட்டி, பிறகு மூடிபோட்டு அடைக்கும் முறையும் உண்டு. கைதேர்ந்தவர் செய்தால் கூலி மிச்சம். தெரியாதவர் கையில் கொடுத்தால் வார்ப்பே பழுதாகும்.

என்ஜினை எடுத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? சீல், புஸ், பெல்லோ, கிம்பல் பெயரிங் எல்லாவற்றையும் அப்போதே மாற்றுவதுதான் புத்தி. எங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டில் நூறு ரூபாவில் பழுதான அந்தப் பாகத்துக்கு இருபது ரூபாவும் இல்லை. மற்றதெல்லாம் கூலியும், கூடவே மாற்ற வேண்டியவையும். இதற்கு மேல் வீணாக வாங்கிய கேபிள், கியர்ப் பெட்டி, இழந்த சீசன். கடைசியாகச் சொன்னதற்கு எந்த பில்லும் வராது, ஆனால் அதுதான் பெரிய தொகை.

விற்கிறவனின் சோதனை

மச்சானுக்கு மனம் விட்டுப்போனது. படகை விற்றுவிடலாம் என்றார். திருகோணமலையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார், மே மாதம் தொடங்கும் கிழக்குக் கரைச் சீசனுக்குப் படகு தேடியவர். அவர் வருவதற்கு முதல் நாள் மச்சான் சொன்னார்:

"அந்த ரெண்டு போல்ட்டையும் நல்லா இறுக்கி உடுவோம். ஒரு மாசத்துக்கு ஆடாது. அவர் என்ன, விரல வெச்சா பாக்கப் போறார்?"

உண்மைதான். அவர் பார்த்திருக்க மாட்டார், நானும் வாங்கும்போது பார்க்கவில்லையே. எனக்கு விற்றவரும் அப்படித்தான் இறுக்கி விற்றாரோ என்று அன்று இரவு நினைத்துப் பார்த்தேன். அந்தப் படகில் எட்டுப் பேர் ஏறுவார்கள். குழந்தைகளும் ஏறுவார்கள். பாறைப் பக்கம் போகும்போது அந்தச் சதுரம் முழுதாக உருண்டால் வீல் சுற்றும், படகு திரும்பாது.

மறுநாள் அவரையே என்ஜின் அறைக்குள் இறக்கி, கையில் விரலை வைக்கச் சொல்லி, நான் வெளியே நின்று ஆட்டிக் காட்டினேன். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இராது என்று வாப்பா கடையில் அடிக்கடி சொல்வார். அந்த வார்த்தைதான் என்னை அங்கே நிறுத்தியது. அவர் திருத்தச் செலவைவிடக் கூடுதலாகவே விலையைக் குறைத்துக் கேட்டார். கொடுத்தோம். அந்த நட்டம் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. மச்சான் இன்றும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிக் காட்டுவார்.

ஆனால் கணக்குப் புத்தகத்தை நிதானமாகப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. அந்த நட்டம் விற்ற நாளில் வந்ததல்ல, வாங்கிய நாளிலேயே வந்துவிட்டது. விலை பேசுமுன் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால், அந்தத் தொகையை நான் விலையில் கழித்திருப்பேன், அல்லது படகை விட்டுவிட்டு வந்திருப்பேன். உண்மையை மறைத்திருந்தால் என் நட்டத்தை இன்னொருவர் தலையில் கட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

முடிவாக

படகு வைத்திருப்பவர்கள், மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மே மாதத்துக்குப் பின் படகைக் கரையேற்றும்போது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சீசன் தொடங்கும் நவம்பரில் செய்தால் திருத்த நேரம் இராது. அளந்த அளவைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன வருடத்தைவிட ஆட்டம் கூடியிருக்கிறதா என்பதை ஞாபகம் சொல்லாது, கொப்பி சொல்லும். அதோடு காலிலுள்ள நாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அவை கரையாவிட்டால் கடலுப்பில் கரைவது அலுமினியக் கால்தான்.

அவுட்போட் மோட்டோர் வைத்திருக்கும் நம் மீனவச் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். மோட்டோர் திரும்பும் பிரக்கெட்டின் புஸ்ஸில் விரலை வைத்து இதேபோல ஆட்டிப் பாருங்கள். நிப்பிளில் கிறீஸ் ஏறாமல் பல வருடம் போயிருந்தால் விரல் உங்களுக்குச் சொல்லும். லொறியானாலும் அரிசி ஆலை மெஷினானாலும் இதே முறைதான்: ஒரு முனையிலிருந்து தொடங்கி, பொருத்துப் பொருத்தாக விரல் வைத்துப் போக வேண்டும்.

எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று கேட்குமுன், ஆடுவது எது என்று கேளுங்கள். அந்த வயதான பாஸ் அன்று என்னிடம் கூலியாக வாங்கியது ஒரு பிளேன்டீ மட்டும். நான் அதுவரை செலவழித்த எல்லாவற்றையும்விட அதுவே பெறுமதியானது.